போரான் இல்லாத டேப்

2025 ஜூலை 7, திங்கள்

காலை எட்டு மணிக்கே முதலாளி கூப்பிட்டுவிட்டார். திங்கட்கிழமைகளில் பதினோரு மணிக்கு முன்னால் அவர் யாரையும் கூப்பிடுவதில்லை. மேஜைமேல் நாலு பக்க என்கொயரி ஒன்று. "நமக்கு வர வேண்டியதுதானான்னு படிச்சுப் பாருங்க" என்று நீட்டினார்.

கேட்டிருப்பது ஓர் ஆராய்ச்சிக் கூடம். பெயரை இந்த நோட்டிலும் எழுதப் போவதில்லை. கண்ணாடி நார் டேப்பையும் பிசினையும் சேர்த்து வார்த்த பட்டை, 4 மில்லிமீட்டர் தடிமன், அதிலிருந்து வெட்டிய முப்பது சின்னத் துண்டுகள். ஒரு மோட்டார் ஸ்டேட்டர் வேலையில் டீ செலவுக்கு ஆகும் காசுகூட இதில் வராது. எதற்கு என்ற இடத்தில், மீக்கடத்திக் காந்தச் சுருளின் இன்சுலேஷன், கதிர்வீச்சுச் சோதனைக்கு என்று போட்டிருந்தார்கள். என்னென்ன சோதனை என்ற பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இன்சுலேஷனின் தடையை அளக்கும் மெக்கர் இல்லை. அதிக வோல்ட்டேஜ் ஏற்றிப் பார்க்கும் ஹைபாட் இல்லை. அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவே பிசின் எவ்வளவு பிடிக்கிறது என்பதை மட்டும்தான் கேட்கிறார்கள். கடைசியில் தடித்த எழுத்தில் ஒரு வரி: கண்ணாடி நாரில் போரான் இருக்கக் கூடாது.

ஒரகடம் ரோட்டில் காயில் சுற்றும் இந்த ஷெட்டில் பதினெட்டு வருஷமாகக் குவாலிட்டி பார்க்கிறேன். டேப்பின் அகலம் கேட்டிருக்கிறார்கள், தடிமன் கேட்டிருக்கிறார்கள், ஏன் லேட் என்று தினமும் கேட்கிறார்கள். போரானைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

மத்தியானம் ஸ்டோருக்குப் போய் எல்லா ரோலையும் புரட்டினேன். அத்தனையும் ஈ-கிளாஸ். கரண்டுக்காகவே பிறந்த கண்ணாடி, அதனால்தான் பெயரிலேயே அந்த எழுத்து. அதன் கலவையில் போரான் ஆக்சைடு நூற்றுக்கு ஐந்து முதல் பத்து பங்கு வரை இருக்கும் என்று படித்த ஞாபகம். உருக்குவதற்கு வசதி என்று சேர்ப்பது. ஆக, ஸ்டோர் முழுக்க அவர்கள் வேண்டாம் என்று சொல்கிற சரக்கு.

ஜூலை 8, செவ்வாய்

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். "மீக்கடத்திக் காந்தம்னா என்னடி?" என்றாள். உன்னைப் போன வருஷம் படுக்கவைத்து உள்ளே தள்ளினார்களே, எம்.ஆர்.ஐ., அதைச் சுற்றி இருப்பதே அதுதான் என்றேன். "அதான் அன்னிக்கே சொன்னேன், கதிர் அடிச்சு அடிச்சு எனக்குத் தலை சுத்திச்சு." எம்.ஆர்.ஐ.யில் காந்தமும் ரேடியோ அலையும்தான், எக்ஸ்ரே மாதிரிக் கதிர் கிடையாது என்று எத்தனை தரம் சொன்னாலும் அம்மா ஒப்புக்கொள்ள மாட்டாள். அவள் தலை சுற்றியது காலையில் இட்லி சாப்பிடாமல் போனதால்.

நயோபியம்-டைட்டானியம் கம்பியை மைனஸ் 269 டிகிரி குளிரில் திரவ ஹீலியத்தில் வைத்தால் அதன் மின்தடை சுத்தமாகப் போய்விடும். ஒரு தரம் கரண்டை ஏற்றிவிட்டால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஆஸ்பத்திரிக் காந்தத்தின் இன்சுலேஷனுக்குக் குளிரைத் தவிர வேறு கஷ்டம் இல்லை, சொகுசு வாழ்க்கை. கதிரில் வேகிற காந்தங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன: அணுக்களை மோதவிடும் இடத்திலும், அணுக்களைச் சேர்த்து எரிக்கப் பார்க்கும் இடத்திலும்.

ஷாப்பில் அப்ரெண்டிஸ் பையன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். "மேடம், ரெசிஸ்டன்ஸே இல்லேன்னா வோல்ட்டேஜே வராதே. அப்புறம் இன்சுலேஷன் எதுக்கு?" டிப்ளமோவில் இவனுக்கு யாரோ ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சாதாரணமாக ஓடும்போது அநேகமாக வோல்ட்டேஜ் இல்லை, சரி. ஆனால் கம்பியில் ஒரு விரற்கடை நீளம் சூடாகிவிட்டால் அந்த இடத்தில் தடை திரும்ப வந்துவிடும். உள்ளே அடைத்து வைத்த சக்தி முழுவதையும் சில நொடிகளில் வெளியே இழுத்தாக வேண்டும். அந்த நேரம் கிலோவோல்ட் கணக்கில் ஏறும். அது எப்போதாவதுதான். அன்றாடம் இன்சுலேஷன் செய்கிற வேலை வேறு: சுருளை நகரவிடாமல் பிடித்திருப்பது. காந்தம் ஓடும்போது ஒவ்வொரு சுற்றும் வெளியே தெறித்து ஓடப் பார்க்கும். கம்பி ஒரு மயிரிழை நகர்ந்து உரசினாலும் அந்தச் சூடு போதும், மொத்தக் காந்தமும் படுத்துவிடும்.

நம் காயிலில் பிசின் இரண்டாவது ஆள். அங்கே அதுதான் தூண்.

ஜூலை 10, வியாழன்

ராத்திரி கரண்ட் கட். மொபைல் வெளிச்சத்தில் எழுதுகிறேன்.

இரண்டு நாளாகப் படித்ததில் முதலில் பிடிபட்டது அளவு. கிரே என்பது கணக்கு: ஒரு கிலோ பொருள் ஒரு ஜூல் ஆற்றலைக் கதிரிலிருந்து வாங்கிக்கொண்டால் ஒரு கிரே. மனுஷ உடம்பு மொத்தமும் ஒரே சமயத்தில் நாலைந்து கிரே வாங்கினால் வைத்தியம் இல்லாமல் பிழைப்பது கஷ்டம். வெங்காயம் முளைக்காமல் இருக்க நூறு கிரே அளவு போதும். மகாராஷ்டிராவில் லாசல்காவில் அதற்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. ஆஸ்பத்திரி ஊசியைப் பாக்கெட்டோடு கிருமி நீக்க 25,000 கிரே. பிரான்ஸில் கட்டிக்கொண்டிருக்கும் ஈட்டர் இணைவு உலையில், பெரிய காந்தச் சுருள்களின் இன்சுலேஷன் தன் ஆயுளில் தாங்கியாக வேண்டியது ஒரு கோடி கிரே. நானூறு ஊசி பாக்கெட்டின் கதிரை ஒரே பாக்கெட்டுக்குக் கொடுப்பது போல. ஜூல் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ பிசின் வாங்குகிற ஆற்றலில் நம் வீட்டுத் தண்ணீர் 34 லிட்டரைக் கொதிக்க வைத்துவிடலாம். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வருஷத்தில் வாங்குவதால் பிசின் உருகாது. ஆனால் ஒவ்வொரு ஜூலும் எங்கோ ஒரு கண்ணியை அறுத்துவிட்டுத்தான் போகிறது.

அறுப்பது மட்டும்தான் கதிரின் வேலை என்று நினைத்திருந்தேன். மேஜை டிராயரில் கிடந்த ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. அது கதிர் பட்டுப் பிறந்த சாமான். பாலிஎத்திலீன் குழாயை எலக்ட்ரான் கற்றையில் காட்டினால் பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகள் குறுக்கே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். பிறகு சூடாக்கி, அகலமாக்கி, அப்படியே ஆறவிடுவார்கள். நாம் ஹாட் ஏர் கன் காட்டினதும் அதற்குத் தன் பழைய உடம்பு ஞாபகம் வந்து கப்பென்று கம்பியைப் பிடித்துக்கொள்ளும். முடிச்சும் அறுப்பும் ஒரே சமயத்தில் நடக்கின்றன. எது முந்துகிறது என்பது பொருளைப் பொறுத்தது, அளவையும் பொறுத்தது. டெஃப்லானில் அறுப்புதான் முந்தும். எண்ணெய்க்கும் ஆசிட்டுக்கும் அசையாத டெஃப்லான், காற்றில் சில ஆயிரம் கிரே பட்டாலே நொறுங்க ஆரம்பித்துவிடும். அந்த மஞ்சள் காப்டன் ஃபிலிம் கோடிக் கணக்கில் வாங்கிக்கொண்டு நிற்கும். அதன் சங்கிலியில் வரிசையாக பென்சீன் வளையங்கள். கதிர் கொடுக்கிற அடியை வளையம் உடம்பெல்லாம் பரப்பிச் சூடாக வெளியே தள்ளிவிடும், கண்ணி அறுந்து போகாது.

வெற்றிடம் இழுத்து, அழுத்திப் பிசின் ஏற்றும் நம் வி.பி.ஐ. டேங்கில் ஊற்றுகிற எபாக்ஸிக்கு ஹார்டனர் அன்ஹைட்ரைடு வகை. அமின் ஹார்டனர்களில் வளையம் உள்ள வகை கதிருக்கு இதைவிட நன்றாகத் தாங்கும். அதாவது, டேப் மட்டுமில்லை, ரெசினையும் மாற்ற வேண்டும். முதலாளியிடம் நாளைக்குச் சொல்கிறேன். இன்றைக்கு அவருக்கு வேறு தலைவலி.

ஜூலை 13, ஞாயிறு

செங்கல்பட்டு வரை எலெக்ட்ரிக் டிரெயின், அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழி பஸ், புதுப்பட்டினத்தில் சித்தப்பா வீடு. கல்பாக்கத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்தவர், ரிட்டயர் ஆகி இரண்டு வருஷம். 1985 அக்டோபரில் அந்தச் சோதனை ஃபாஸ்ட் ரியாக்டர் முதல்முதலாக உயிர் பிடித்தபோது சித்தப்பாவுக்கு இருபத்திரண்டு வயது. "வாசல்ல நின்னு பார்த்தவன்தான், உள்ளே விடல" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

என்கொயரியைக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு, பேப்பரை மூக்குக்குக் கிட்டே வைத்துப் படித்தார்.

"போரான் கூடாதுன்னு எழுதினவன் வேலை தெரிஞ்சவன்மா."

"ஏன் சித்தப்பா? கண்ணாடி கண்ணாடிதானே?"

"போரான்ல அஞ்சுல ஒரு பங்கு போரான்-10. மெதுவா நகர்ற நியூட்ரான் கிட்டக்க வந்தா அது சும்மா விடாது, இழுத்து முழுங்கிடும். முழுங்கினா ஜீரணம் ஆகாது. ரெண்டா வெடிச்சுடும். ஒரு பக்கம் லித்தியம், ஒரு பக்கம் ஹீலியம் கரு."

"வெடிச்சா எவ்வளவு தூரம் போகும்?"

"அதுதான் விஷயமே. ரொம்பப் போகாது. சில மைக்ரான். உன் கண்ணாடி நார் என்ன குண்டு இருக்கும்?"

பத்து மைக்ரான் சுமாருக்கு என்றேன்.

"அப்ப பாரு. நாருக்குள்ள வெடிச்சது நாரோட தோல்ல வந்து குத்தும். நாரும் பிசினும் கை கோத்துக்கிட்டிருக்கிற இடம் அதுதானே? அங்கேயே போய் உதைக்கிது. வேற எங்க உதைச்சாலும் பரவாயில்ல."

சித்தி மோர் கொண்டுவந்து வைத்தாள். சித்தப்பா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். அவர் வேலை பார்த்த இடத்தில் போரான் சாமி மாதிரியாம். ரியாக்டரின் கட்டுப்பாட்டுத் தண்டே போரான் கார்பைடு. நியூட்ரானை விழுங்கி உலையை அடக்குவதற்கு அந்தப் பசிதான் வேண்டும். ஈட்டரில் இன்னும் வேடிக்கை. அங்கே காந்தச் சுருளுக்கும் பிளாஸ்மாவுக்கும் நடுவில் நிற்கிற வெற்றிடக் கலத்துக்கு இரட்டைச் சுவர். அந்தச் சுவர்களுக்கு இடையில் அடுக்குகிற கவசக் கட்டிகள், ஏறத்தாழ ஒன்பதாயிரம், இந்தியாவின் பங்கு. பெங்களூரில் அவசரலா டெக்னாலஜிஸ் செய்து அனுப்பியது. அதில் பெரும்பகுதி போரான் கலந்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். எதற்கு? பின்னால் இருக்கிற காந்தத்துக்கு நியூட்ரான் போகாமல் மறிப்பதற்கு.

"சுவர்ல இருந்தா காவல்காரன். டேப்புல இருந்தா திருடன். ஒரே ஆளு" என்றார். இதைச் சொல்வதற்காகவே காத்திருந்த மாதிரி மோரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

கிளம்பும்போது இன்னொன்று கேட்டேன். கதிரில் பிசின் அறுந்தால் அறுந்த துண்டெல்லாம் எங்கே போகும்? ஹைட்ரஜன் அணுக்கள் கழன்று இரண்டிரண்டாகச் சேர்ந்து வாயு ஆகும் என்றார். குளிரில் இருக்கிறவரை அது பிசினுக்குள்ளேயே அப்படியே மாட்டிக்கொண்டிருக்கும், வெளியில் ஒன்றும் தெரியாது. ரிப்பேருக்காகக் காந்தத்தைச் சூடேற்றும்போதுதான் வாயு வெளியே வரப் பார்க்கும். "அப்பளத்துல கொப்புளம் எழும்புமே, அந்த மாதிரி. ஓடுறப்ப ஆகாது. நிறுத்தி வெளியே எடுக்கிறப்ப ஆகும்."

பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 14, திங்கள்

முதலாளி விலை கேட்டார். டேப் தனியாக வரவழைக்க வேண்டும், ஹார்டனர் மாற்ற வேண்டும், டேங்கை ஒரு நாள் நிறுத்த வேண்டும் என்று சொன்னேன். "நஷ்டம்தானே?" நஷ்டம்தான். "சரி, பண்ணுங்க. நம்ம பேர் அந்த மாதிரி இடத்துல ஒரு தரம் போகட்டும்." சில சமயம் இந்த மனுஷனைப் புரிந்துகொள்ள முடியவில்லை.

ஈட்டர் சுருள்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று படித்தேன். ஆங்கில எழுத்து டி வடிவச் சுருள்கள் பதினெட்டு, உதிரியாக ஒன்று. ஒவ்வொன்றும் 17 மீட்டர் உயரம், முந்நூறு டன்னுக்கு மேல். பத்து ஐரோப்பாவில், ஒன்பது ஜப்பானில். கம்பியில் ஓடப்போவது 68,000 ஆம்பியர். நம்முடைய ஆகப் பெரிய காயிலை அதன் பக்கத்தில் வைத்தால் மெட்டி மாதிரி இருக்கும். ஆனால் வேலை முறை? கண்ணாடி டேப், காப்டன் டேப், மேலே மேலே சுற்று, மோல்டில் வை, வெற்றிடம் இழு, பிசினை உள்ளே விடு, அழுத்து, ஓவனில் ஏற்று. நாம் செய்கிற வி.பி.ஐ.தான்! சந்தோஷத்தில் ஷாப்பில் பையனைக் கூப்பிட்டுப் படம் காட்டினேன்.

பிசின் மட்டும் வேறு. வியன்னாவில் பிராட்டர் பூங்கா ஓரத்தில் 1962-லிருந்து ஓடுகிற ஒரு சின்ன ரியாக்டர், 250 கிலோவாட். அதில்தான் பல வருஷம் உட்கார்ந்து துண்டு துண்டாகப் பிசினைப் போட்டு எடுத்து உடைத்துப் பார்த்திருக்கிறார்கள். சதுர மீட்டருக்கு 1-க்குப் பின்னால் 22 சுழி போட்ட எண்ணிக்கையில் வேக நியூட்ரான், அதுதான் ஈட்டர் கணக்கு. அந்த அளவுக்கு வழக்கமான எபாக்ஸிகளின் ஒட்டு மளமளவென்று சரிந்தது. சயனேட் எஸ்டர் என்ற பிசின் அசையாமல் நின்றது. ஆனால் அதன் விலைக்குப் பயந்து, நூற்றுக்கு நாற்பது சயனேட் எஸ்டரும் அறுபது எபாக்ஸியும் கலந்தார்கள், அதுவும் தாங்கியது. சமையலில் நெய்யும் எண்ணெயும் கலப்போமே, அந்தக் கணக்கு.

என்னை நிமிர வைத்தது வேறு. ஒட்டு பாதியாகக் குறைந்த பிறகும் அந்தத் துண்டுகளின் மின்தாங்கு திறன் அநேகமாக அப்படியே இருக்கிறது. கதிர் முதலில் கொல்வது பிடிமானத்தை. கரண்டைத் தடுக்கிற குணம் ரொம்ப நாள் கழித்துத்தான் போகும். அப்படியானால் மெக்கர் வைத்துப் பார்க்கிறவனுக்குக் கடைசி நாள் வரை எல்லாம் நலம் என்றுதான் தெரியும்.

ஜெனீவாவில் துகள்களை மோதவிடும் 27 கிலோமீட்டர் வளையத்திலும் இதே பயம் உண்டு. கற்றைகள் மோதுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற குவியக் காந்தங்கள்தான் அதிகம் அடி வாங்குகின்றன. அவற்றின் இன்சுலேஷன் ஆயுள் முடியும் நேரம் பார்த்து மாற்றப் போகிறார்கள். புதிதாக வைப்பவற்றுக்கு உள்ளே தங்ஸ்டன் கவசம். அந்த வளையத்தின் சின்னச் சின்னத் திருத்தக் காந்தங்களில் ஆயிரத்துக்கும் மேலே நம் இந்தூர் ஆராய்ச்சி மையத்தின் மேற்பார்வையில் இந்தியாவில் செய்து போனவை. அதைச் சுற்றிய கைகள் யாருடையவோ.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தாச்சு. டேப் இன்னும் வரவில்லை.

திரவ நைட்ரஜன் பத்து லிட்டர் வாங்கினேன். சின்ன வயதில் கால்நடை ஆஸ்பத்திரியில் மாட்டுக்கு ஊசி போடுகிறவர் கேனைத் திறக்கும்போது புகை வழியும், அதைப் பார்க்கவே ஓடுவோம். அதே கேன், அதே புகை. தெர்மோகோல் டப்பாவில் ஊற்றினதும் ஷாப்பே சுற்றி நின்றுவிட்டது.

இரண்டு வார்ப்பு வைத்திருந்தேன். இரண்டிலும் நடுவில் ஒரு தாமிர போல்ட். ஒன்றில் வெறும் பிசின், கண்ணாடி மாதிரி பளபளவென்று. இன்னொன்றில் போல்டைச் சுற்றிக் கண்ணாடி டேப், அதன்மேல் பிசின், பார்க்க அழுக்காக இருக்கும். பையனிடம் எது நன்றாக இருக்கிறது என்றேன். பளபளப்பைக் காட்டினான்.

முதலில் அதையே இறக்கினோம். தளதளவென்று கொதித்தது. இருபது எண்ணுவதற்குள் ஒரு "டக்". தேங்காய் ஓடு விரிகிற சத்தம். வெளியே எடுத்தால் போல்டின் தலையிலிருந்து கீழ்வரை ஒரு கோடு, அதிலிருந்து இரண்டு கிளை. அறைச் சூட்டிலிருந்து திரவ ஹீலியக் குளிருக்குப் போனால் தாமிரம் மீட்டருக்கு மூன்று மில்லிமீட்டர் சுமாருக்குச் சுருங்கும். வெறும் எபாக்ஸி ஒரு சென்டிமீட்டருக்கு மேலே. நைட்ரஜன் குளிரிலேயே அந்தச் சுருக்கத்தில் பெரும்பகுதி முடிந்துவிடும். சட்டை சின்னதாகிவிட்டது, உடம்பு ஆகவில்லை. தையல் பிரிகிறது. கண்ணாடி நார் சேர்த்தால் பிசின் தாமிரத்தோடு சேர்ந்து சுருங்கப் பழகிக்கொள்ளும். அழுக்கு வார்ப்பு மூன்று தரம் உள்ளே போய் வந்தது. ஒரு சத்தம் இல்லை.

இதெல்லாம் கதிரே படாத பிசின். ஏற்கெனவே இழுத்துப் பிடித்து நிற்கிற பொருளில் வருஷக் கணக்காகக் கண்ணிகளை அறுத்துக்கொண்டே போனால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. பையன் விரிசலை நகத்தால் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

ஜூலை 19, சனி

நேற்று ஆடி வெள்ளி. கூழ் குடித்ததில் இன்று லீவு மாதிரி உடம்பு. அரை நாள்தான் வேலை.

எழுத வேண்டாம் என்று தள்ளிப்போட்டதை எழுதுகிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பம்ப் மோட்டார் காயில் செட். ஓவன் நடுவில் நின்று போய், திரும்ப ஏற்றியது எனக்குத் தெரியும். ஹைபாட் போட்டேன், அசையாமல் நின்றது. மெக்கர் முள் மேலே போய் ஒட்டிக்கொண்டது. பாஸ் என்று கையெழுத்துப் போட்டேன். எட்டு மாதத்தில் திரும்பி வந்தது. பிசின் பாதி வெந்த நிலை. ஸ்லாட்டுக்குள் காயில் ஆடி ஆடி டேப் தேய்ந்திருந்தது. எரிந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது. வாடிக்கையாளர் ஓவர்லோடு பண்ணிவிட்டார் என்று ரிப்போர்ட்டில் எழுதினார்கள், நானும் சும்மா இருந்தேன். மெக்கர் பொய் சொல்லவில்லை. நான் அதனிடம் கேட்டது தப்புக் கேள்வி.

அந்த என்கொயரியில் ஹைபாட் ஏன் இல்லை என்று முதல் நாள் ஆச்சரியப்பட்டவள் நான்தான்.

ஜூலை 23, புதன்

டேப் வந்தது. போரான் சேர்க்காத கண்ணாடி, சர்டிபிகேட்டோடு. கையில் எடுத்தால் ஈ-கிளாஸைவிட விறைப்பு, வழுக்குகிறது. சுற்றுகிற அக்கா ஒருத்தி, இருபது வருஷக் கை, "இது பட்டுப் புடவை மாதிரி நிக்க மாட்டேங்குது" என்று திட்டிக்கொண்டே சுற்றினாள். பாதிக்குப் பாதி மேலேறும்படி ஒவ்வொரு சுற்றும். நாலாவது அடுக்கில் கொஞ்சம் தளர்ந்ததை அவளே பார்த்துப் பிரித்துத் திரும்பச் சுற்றினாள். நான் பார்த்திருக்க மாட்டேன்.

சயனேட் எஸ்டர் நம்மால் ஆகாது என்று அவர்களிடம் போனிலேயே சொல்லிவிட்டேன். ஈரம் பட்டால் அது கார்பன் டை ஆக்சைடு விட்டுக் குமிழாகும், ஷெட்டில் இந்தப் புழுக்கத்தில் டப்பாவைத் திறக்கவே பயம். வளையம் உள்ள அமின் ஹார்டனரோடு எபாக்ஸி மட்டும். அதுவே போதும், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார்கள். டேப்பை ராத்திரி முழுக்க ஓவனில் காயவைத்து, வெற்றிடம் இழுத்து, பிசினை விட்டபோது மணி நாலு. பார்க்கிற கண்ணாடி வழியாகப் பிசின் வெள்ளை டேப்பில் ஏறுவதைப் பார்த்தேன். ஏற ஏற வெள்ளை மறைந்து, டேப் தண்ணீரில் போட்ட காகிதம் மாதிரி நிறமற்றுப் போகும். இந்த ஒரு காட்சிக்காகத்தான் நான் இன்னும் இந்த வேலையில் இருக்கிறேன் என்று சில சமயம் தோன்றும்.

ஜூலை 25, வெள்ளி

மோல்டைப் பிரித்தோம். ஒரு ரூபாய்க் காசால் பட்டை முழுக்கத் தட்டிப் பார்த்தேன். ஒரு மூலையில் சத்தம் மந்தம், உள்ளே காற்று. அந்த மூலையைத் தள்ளிவிட்டு மீதியில் முப்பத்தாறு துண்டு. ஒவ்வொன்றும் விரல் நுனி அளவு. வைர சக்கரத்தில் வெட்டும்போது பறந்த கண்ணாடித் தூசு கழுத்தெல்லாம் அரிக்கிறது. தேங்காயெண்ணெய் தடவியும் போகவில்லை.

துண்டுகளைத் தட்டில் அடுக்கும்போது சித்தப்பா போன்.

"கையால தொட்டியா?"

"கொஞ்சம் தொட்டேன் சித்தப்பா."

"வேர்வையில உப்பு. உப்புல சோடியம். ரியாக்டருக்குள்ள போனா உன் கைரேகையே கதிர் விட ஆரம்பிச்சுடும். ஆல்கஹால்ல கழுவு. அப்புறம் கிளவுஸ் இல்லாம கிட்டப் போகாதே. இரும்புக் கம்பியில டேக் கட்டாதே. நம்பரைக் கீறி எழுது."

முப்பத்தாறையும் திரும்பக் கழுவினோம். பையன் கிளவுஸ் போட்டுக்கொண்டு ஊசியால் நம்பர் கீறினான். 17-ஐ இரண்டு தரம் போட்டுவிட்டான்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஆறு துண்டை இங்கேயே உடைத்துப் பார்த்தேன், மூன்று அறைச் சூட்டில், மூன்று நைட்ரஜனில் நனைத்து எடுத்த கையோடு. குளிரில் ஒட்டு கூடுதல். இது கதிருக்கு முந்திய கணக்கு. பிந்திய கணக்கை அவர்கள் எடுப்பார்கள். காமா கதிரில் வைத்து மணிக்கு 5,000 கிரே கொடுத்தாலும் ஒரு கோடி சேர 2,000 மணி நேரம், எண்பத்து மூன்று நாள் ஆகும். தீபாவளிக்குள் ஒன்றும் தெரியப் போவதில்லை.

நம் டெஸ்ட் சர்டிபிகேட் படிவத்தில் மெக்கர், ஹைபாட் என்று இரண்டு கட்டம்தான். இரண்டையும் குறுக்கே அடித்துவிட்டு, கீழே பேனாவால் கோடு போட்டு "அடுக்கு ஒட்டு" என்று எழுதி எண்களைப் போட்டேன். முதலாளி பார்த்தார். "இதை பிரிண்ட்லேயே சேர்த்துடலாமா, எல்லா ஜாபுக்கும்?" என்றார். ஒவ்வொரு செட்டுக்கும் ஒரு துண்டு உடைக்க வேண்டும், செலவு என்றேன். யோசிக்கிறேன் என்று போய்விட்டார்.

சாயங்காலம் பார்சலோடு கேட்டுக்குப் போனேன். செக்யூரிட்டி அண்ணன் கேட் பாஸ் புத்தகத்தை விரித்தார்.

"சாம்பிள்தானே மேடம்? ரிட்டர்னபிள் போட்டுடட்டுமா? டெஸ்ட் முடிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்கல்ல?"

"அனுப்ப மாட்டாங்க அண்ணே. போனது போனதுதான்."

"அவ்வளவு காஸ்ட்லியா?"

நானே நான்-ரிட்டர்னபிளில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டேன். எண்ணிக்கை: முப்பது. இரண்டு 17-இல் நான் உடைத்த ஒன்று என் மேஜை டிராயரில், அந்த ஸ்லீவ் பக்கத்தில் இருக்கிறது.